நூறு தட்டும் ஒரு பெரியத்தையும்

புள்ளியியல் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மனிதர்களைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே அவர்களைக் கணக்குப் போட்டுவிடுவோம். (எனக்கு அது முற்றிய நிலை.)

பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு வாங்கி, புதுமனை புகுவிழா வைத்தேன். "தனியா எப்படிம்மா இருப்ப?" என்று கேட்ட கிள்ளான் சொந்தங்கள் எல்லாம் வந்து, ஒரு மதியமாவது என் வீடு நிரம்பி வழிய வேண்டும். அந்த ஆசையில் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

நூறு பேரையும் வாட்ஸ்அப்பில்தான் அழைத்தேன். அவர்களில் இருபத்தைந்து பேரிடம் வருவீர்களா என்று கேட்டதில், இருபது பேர் "கண்டிப்பா லா" என்றார்கள். ஆக, மாதிரி விகிதம் எண்பது சதவீதம். நூறு பேருக்குத் திட்டப்பிழை நான்கு சதவீதம். அதில் இரு மடங்கை இருபுறமும் விட்டால், எழுபத்திரண்டு முதல் எண்பத்தெட்டுப் பேர் வருவார்கள். எழுபதுக்குக் கீழே குறைய வாய்ப்பு ஆயிரத்தில் ஆறுதான். எண்பத்தெட்டுப் பேருக்குச் சாப்பாடு சொல்லி, நூறு காகிதத் தட்டும் வாங்கி வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டை இறக்கிய கேட்டரிங் அண்ணன் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, ஆளுங்க யாரையும் காணோம்?"

"வருவாங்கண்ணே. ரோட்டுல ஜாம் போல."

இரண்டு மணிக்குச் சித்தப்பா மகள் சுமதிக்குப் போன் போட்டேன்.

"பெரியத்தை வரலக்கா. அவங்க வராம நாங்க எப்படிலா வர்றது?"

"அத்தைக்கு என்ன?"

"வீட்டுக்கு வந்து கூப்பிடலையாம். மெசேஜ் போட்டா வர்றதுக்கு நான் என்ன டாக்சியான்னு கேட்டாங்க."

ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவைச் சார்ந்திருக்கக் கூடாது, அப்போதுதான் இந்தக் கணக்கு செல்லும். வகுப்பில் தொண்டை வறள நான் சொல்வது இது. நூறு பேர் என்று நான் எண்ணியது உண்மையில் ஒரே ஆள்: குடும்பத்துக்கே மூத்தவரான பெரியத்தை. அந்த ஆளின் வீடு கிள்ளானில், ரயிலில் ஒரு மணி நேரம். நான் அங்கே போய் இரண்டு வருடமாகியிருந்தது.

எண்பத்தெட்டுப் பேர் சாப்பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து, வடையைக் கடித்துக்கொண்டே அழுதேன். (வடை நன்றாகத்தான் இருந்தது.) மீதியைக் கீழே காவலாளிகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் சுமதி சொல்வாள்: "ஒரே ஆளுதான்க்கா. நூறு தட்டு வை." பெரியத்தைதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அன்று வாங்கிய தட்டுகளை யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் எடுக்கிறேன். ஐந்து வருடமாகிறது. இன்னும் பாதிகூடத் தீரவில்லை.