ஒளிப்பெண்ணுக்கு நான் வாங்கிக் கொடுத்த அறை

மனைவி தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

பழைய சாமான் வாங்கி விற்கிறவன் நான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னைக் கைகழுவியது. மிச்சத்தை அடிபட்டுக் கற்றேன். முதல் பாடம்: எதிராளி எதைச் சொன்னாலும் 'இல்லை' என்று சொல்லிவிடு, காரணம் அப்புறம் தானாக வரும். பின்னறை முழுக்க அப்படி வந்த வெற்றிகள்தான். இறக்கையில்லாத மின்விசிறி ஏழு. கதவில்லாத பீரோ ஒன்று. பீரோவில்லாத கதவு மூன்று.

மனைவிக்கு அந்த அறை தையல் மெஷினுக்கு வேண்டுமாம். அடுப்படி மூலையில் தைப்பதால் துணியெல்லாம் வெங்காய வாசனையாம், வாடிக்கைக்காரர்கள் மூக்கைச் சுளிக்கிறார்களாம். இல்லை என்றேன். மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம், என்றுமில்லாமல், டிவியில் தொடர் பார்க்க என்னைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு வாத்தியார் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார். கதை விண்கப்பலில் நடக்கிறது. அதில் ஒரு பெண். உடம்பு கிடையாது, வெறும் வெளிச்சம். சுவிட்சைப் போட்டால் வருவாள், அணைத்தால் போவாள். கேப்டனின் அறையை இருபது வருடம் பராமரித்து, அதில் செடி வளர்த்தவள் அவள்தான். கேப்டன் செத்ததும் அவன் தம்பி பத்திரத்தோடு வந்து, அறை எனக்கு, இவளை அணைத்துவிடுங்கள் என்கிறான். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது.

"தம்பி சொல்றதுதான் நியாயம். வெளிச்சத்துக்கு எதுக்குங்க ரூம்?" என்றாள் மனைவி.

"இல்லை," என்றது என் நாக்கு. நான் பின்னால்தான் போய்ச் சேர்ந்தேன்.

"பத்திரம் அவர் பேர்லதானே இருக்கு?"

"பத்திரம் என்ன பெரிய பத்திரம்? இருபது வருஷம் பாடுபட்டது யாரு? அவன் ஒரு நாள் எட்டிப் பார்த்தானா?"

"இப்ப அவர் சாமானெல்லாம் அங்க கொண்டாந்து போட்டுட்டாரே."

"சாமானைப் போட்டு வெச்சா ரூம் சொந்தமாயிடுமா? அப்ப குப்பைத்தொட்டிக்கும் ஒரு பத்திரம் எழுதிக் குடு."

வாத்தியார் இருமினார். கைதட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் தயங்கித் தயங்கி இறங்கி வந்தாள். எதிராளி இறங்கும்போது நான் ஏறி மிதிப்பது வழக்கம்.

"அப்ப, வேலை செய்யறவங்களுக்குத்தான் ரூமுன்னு சொல்றீங்களா?"

"வேற யாருக்கு? வெளிச்சத்துக்கே உண்டுன்னா, ரத்தமும் சதையுமா உழைக்கிறவங்களுக்குக் கேட்கவே வேண்டாம்."

டிவியை அணைத்தாள். "சார், கேட்டீங்கல்ல?"

"வரிக்கு வரி கேட்டேம்மா," என்றார் வாத்தியார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் அதிரக் கத்தினேன். அவள் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். சாட்சி வைத்துச் சொன்ன பேச்சை மாற்றக்கூடாது என்பது சந்தைச் சட்டம். அதைச் சொல்லி எத்தனை பேரை அழவைத்திருக்கிறேன். இப்போது எந்த முகத்தோடு மாற்றுவது?

மறுநாள் காலை பின்னறையைக் காலி செய்து, மூன்றாவது கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் படி ஏறினேன். தோற்றாலும் நியாயத்தின் பக்கம் நின்றோமே என்று ஒரு தெம்பு இருந்தது. பாதிப் படியில் நின்று கேட்டேன்:

"ஏம்மா, கோர்ட்டுல அந்த வெளிச்சப் பொண்ணுக்குத்தானே தீர்ப்பாச்சு?"

"இல்லீங்க, பத்திரம் வெச்சிருந்த தம்பிக்குத்தான்," என்றாள் ஊசியில் நூல் கோத்தபடி. "நேத்து போட்டது மறுஒளிபரப்பு. நான் வியாழக்கிழமையே பார்த்துட்டேன்."