மகாராணியின் கழுத்துப்பட்டை

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகளுக்கு,

மாமா ஆசியுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்பதில் உன் பறக்கும் அணில் மகாராணியும் அடக்கம். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிப் பதறாமல் படி.

உன் முகாமில் போன் எடுக்காது என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை அவள் கழுத்துப்பட்டையின் சிக்னலைப் பிடிக்க நீ கொடுத்த ரேடியோவைப் போட்டால், நிதானமாக 'டிக்... டிக்...' என்று அடிக்க வேண்டியது 'டிக்டிக்டிக்' என்று அலறுகிறது. அப்படி அடித்தால் கழுத்துப்பட்டை அசையாமல் கிடக்கிறது, பறக்கும் அணில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தக் காட்டில் பூண்டோடு அழிந்துபோன இனத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டாய்; அதில் மிஞ்சிய பெண் இவள் ஒருத்தி; இவளும் போனால் உன் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்களே என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். பாதி வழியில் ரேடியோ நிதானத்துக்கு வந்துவிட்டது. பிழைத்துவிட்டாள்! நிம்மதியாக ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அலறல். எழுந்து ஓடினேன், பிழைத்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்தேன், செத்தாள். இப்படியே மத்தியானம் வரை நான் உட்கார்ந்தால் சாவதும் எழுந்தால் பிழைப்பதுமாக என் உயிரை வாங்கிவிட்டாள். கடைசியில் பையை ஒரு மரத்தடியில் மறந்து வைத்துவிட்டு நடந்தேன். ரேடியோவின் ஆன்டெனா என்னைத் திருப்பி இழுத்துவந்து நேராக அந்தப் பையிடமே நிறுத்தியது. அவளுக்காக மரத்தில் மாட்டிய கூட்டுப்பெட்டிக்குக் கீழே கிடக்கும் எச்சத்தையும் கொறித்த கொட்டையையும் எடுத்துவைக்கச் சொன்னாயல்லவா? முந்தின நாள் ஒன்று விடாமல் அள்ளி அந்தப் பையில் போட்டிருந்தேன். அதற்குள் கிடந்தது, அவள் கடித்துத் துப்பிய பட்டை.

ஆனால் பட்டை மட்டும்தானே கிடைத்தது, ஆள் எங்கே? கொஞ்சமும் அஞ்சாமல் ஏணியைச் சாத்தி ஏறினேன். பெட்டிக்குள் மகாராணி கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் இரண்டு குட்டிகள்! அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. உன் அத்தைக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ஏணி என்றாலே அவளுக்குத் தலைசுற்றும். கடிதத்தை ஒட்டித் தபாலில் சேர்க்க அவளிடம்தான் கொடுக்கிறேன். பிறர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

உன் வேலையும் உன் அணில் குலமும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
காட்டைக் கட்டிக் காக்கும் மாமா

பின்குறிப்பு: அம்மாடி, இது அத்தை. படிச்சுட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து ஏணியையும் என்னையும் இழுத்துட்டுப் போனார்; ஏறினது நான். உங்க மாமா கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "இருக்காளா, சொல்லு, இருக்காளா"ன்னு அழுதுக்கிட்டே இருந்தார். குட்டி ரெண்டு இல்ல, மூணு. நான் ரெண்டுன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அம்மா வாலுக்கு அடியில இன்னொண்ணு இருக்கிறதைப் பார்த்தேன், கீழே நின்னவருக்கு எப்படித் தெரியும்? பட்டையும் பீரோவுல இல்ல. இவர் பொழுதுக்கும் காட்டுலயே கிடக்கிறாரே, எங்கேன்னு கண்டுபிடிக்க ஆகும்னு இவரோட தொப்பி மடிப்புல வெச்சுத் தைச்சுட்டேன். நேத்து சாயங்காலம் ரேடியோ 'டிக்டிக்டிக்'னு விடாம அடிச்சுது. உயிரே போயிடுச்சு எனக்கு. செருப்புகூடப் போடாம ஓடினேன். மகாராணி பெட்டிக்குக் கீழே, தொப்பியை முகத்து மேல கவுத்துக்கிட்டு, குறட்டை விட்டுக் காவல் காத்துக்கிட்டு இருக்கார்.