ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மகளும் மருமகனும் புதிதாக வந்திருக்கும் சின்ன மனுஷியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். அப்படி இல்லையென்றால் முதலில் அதை எனக்கு எழுது, இதை அப்புறம் படி. இங்கே நான் சுகம். நீ ஒப்படைத்துவிட்டுப் போன ஒன்பது பூந்தொட்டிகளில் ஏழு சுகம். மீதி இரண்டைப் பற்றி நேரில் பேசுவோம்.

பொருள்: சனிக்கிழமை வகுப்புப் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கக் கோருதல்.
பார்வை: நீ விட்டுச்சென்ற நீல அட்டை நோட்டு, பக்கம் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை.

சிரிக்காதே. பொருளும் பார்வையும் போடாமல் எனக்குக் கடிதம் ஓடாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். குடிநீர்க் கட்டண அலுவலகத்தின் நினைவூட்டல் பிரிவில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்து, பணம் கட்டாதவர்களுக்கு முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், இறுதி நினைவூட்டல் என்று எழுதித் தேய்ந்த கை இது. பேருந்தில் பக்கத்திலிருப்பவரிடம் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லத் தைரியமில்லாத நான், காகிதத்தில் ஒரு நகரத்தையே நடுங்கவைத்திருக்கிறேன். நேரில் ஒரு ஆள், காகிதத்தில் வேறு ஆள். அதை யோசிக்காமல் பதினொரு பெண்களை என் தலையில் கட்டிவிட்டு நீ விமானம் ஏறினாயே, அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். குற்றம் சொல்லவில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை, சீவிய பென்சில் மூன்றும் வருகைப் பதிவேடும் எடுத்துக்கொண்டு நூலக மாடி அறைக்குப் போனேன். பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வரை பதினொரு பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போவதும் சம்பாதித்ததைக் காப்பாற்றுவதும்தான் நம் பாடம் என்றேன். நீ நோட்டில் எழுதியிருந்தபடி, முதல் சம்பளத்தை எப்படிப் பிரித்து வைப்பது என்று ஆரம்பிப்பதற்குள், முன்வரிசையில் இருந்த ஒரு நெட்டைப் பெண் கையைத் தூக்கினாள். (அவளுக்கு நான் 'கேள்வி' என்று பெயர் வைத்திருக்கிறேன், மனதுக்குள்தான்.) "சார், உங்க முதல் சம்பளத்தை நீங்க என்ன பண்ணீங்க?" அப்பாவிடம் கொடுத்தேன் என்றேன். "ரெண்டாவது?" அதையும். "அப்பா போனப்புறம்?" தங்கை வாங்கிக்கொண்டாள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். பிறகு, எந்தச் செலவானாலும் ரசீது வாங்கு, ரசீது இல்லாத செலவு காற்றோடு போன செலவு, முக்கியமான காகிதம் எதுவானாலும் பதிவுத் தபாலில் அனுப்பு என்று எனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களைச் சொன்னேன். அத்தோடு என் பெயர் 'ரசீது சார்' ஆயிற்று. பென்சில் வாங்கியதற்குக்கூட அவர்கள் ரசீது கொண்டுவந்து காட்டியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கான தண்டனை பின்னால் வருகிறது.

இரண்டாம் வாரம் உன் பத்தொன்பதாம் பக்கம். 'சம்பளம் கேட்கும் முறை: தொகையைச் சொல். பிறகு மனதுக்குள் பத்து எண்ணு. பத்து முடியும்வரை உயிரே போனாலும் வாயைத் திறக்காதே.' இதை எழுதும்போது உன் அண்ணனை நினைத்துப் பார்த்தாயா? ஒத்திகையில் நான் வேலை கேட்பவனாக நின்றேன். "பன்னிரண்டாயிரம்" என்றேன். மூன்று எண்ணுவதற்குள் "பத்து போதும்" என்றேன். ஐந்தில் "எட்டானாலும் பரவாயில்லை" என்றேன். ஏழில், முதல் மாதம் சம்பளமே வேண்டாம், டீ மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். சரி, முதலாளியாக உட்கார்ந்து பார்ப்போம் என்று நாற்காலியை மாற்றினேன். எதிரே ஒருத்தி தொகையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் என்னையே பார்த்தால் எனக்கு வியர்க்கிறது, தங்கச்சி. ஒரு மணி நேரத்தில் பதினொரு மேலாளர்களை நியமித்தேன். அதில் ஒருத்திக்கு வீடும் கொடுத்தேன்.

சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான், தையல்காரர் மகள். போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. வகுப்பு முடிந்ததும் பெஞ்சுகளை ஒழுங்காகப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சார், நிஜத்துலயும் பத்து எண்ணினா போதுமா?" என்னம்மா விஷயம் என்றேன். மாலைக் கல்லூரியில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம்; வரும் ஒன்றாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டுமாம். அதற்குள் அவளாக ஒரு வேலை தேடிக்கொள்ளாவிட்டால் மாமாவின் துணிக்கடையில் காலையிலிருந்து கடை மூடும்வரை உட்கார வேண்டுமாம். "சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன் சார். பார்த்துக் குடுப்போம்னு சொன்னாரு." பார்த்துக் கொடுப்போம் என்று சொன்னவர்கள் யாரும் பார்த்ததுமில்லை, கொடுத்ததுமில்லை என்று என் முப்பத்தாறு வருடமும் ஒன்றாகக் கத்தியது. ஆனால் நான் "நல்லதே நடக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் வாரம் வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது. இல்லாத விலாசத்துக்குக் கடிதம் எழுத என் கை கூசும் என்பதால், செய்தித்தாளில் வந்த ஒரு நிஜ விளம்பரத்தையே எடுத்தேன்: குடைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவுக்கு உதவியாளர் தேவை. கரும்பலகையில் மாதிரிக் கடிதம் எழுதினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பத்தியில் நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கை தன் பழக்கத்தில் எழுதிவிட்டது: 'இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் உரிய பதில் பெறப்படாவிட்டால், மேலும் முன்னறிவிப்பின்றி அடுத்தகட்ட நடவடிக்கை மேற்கொள்ளப்படும். நகல்: கோப்புக்கு.' அனுப்புநர் முகவரி நூலக மாடி. அழகாக இருக்கிறது சார் என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்த கடிதம் மேஜையில் கிடந்தால் அது கடிதமே அல்ல என்று ஒரு வாக்கியத்தையும் நானே சொல்லி வைத்தேன். யார் கேட்டார்கள் என்னை?

அடுத்த சனிக்கிழமை கேள்வி வந்து என் முன்னால் ஒரு கட்டு ரசீதை வைத்தாள். "பதினொண்ணும் போட்டாச்சு சார். பதிவுத் தபால். எண்ணிப் பாருங்க." பிடித்துக்கொள்ள நாற்காலியைத் தேடினேன். அதில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை போட்டிருக்கிறார்கள், இன்றைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், ஏழாம் நாள் அடுத்த சனிக்கிழமை, சரியாக வகுப்பு நேரம். அந்த வாரம் முழுவதும் தொழிற்சாலைக்கு மன்னிப்புக் கடிதம் எழுத முயன்றேன். நான்கு முறை எழுதினேன். நான்கும் தாமாகவே 'நடவடிக்கை' என்று முடிந்தன. தொலைபேசியில் கூப்பிட்டேன், ஒரு பெண் குரல் "குடை கம்பெனி, சொல்லுங்க" என்றதும் வைத்துவிட்டேன்.

ஏழாம் நாள் வந்தார்கள். மாடிப்படியில் கனமான செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் அகராதி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. வந்தவர் முதலாளி, பின்னாலேயே ஒரு தோல் பையைக் கட்டிக்கொண்டு அவருடைய கணக்குப்பிள்ளை. முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க நடவடிக்கை எடுக்கிறவர் யாரு?"

பதினொரு விரல்கள் அலமாரியைக் காட்டின. "சார் ரசீது தேடிட்டிருக்காரு. நீங்க உக்காருங்க" என்றாள் கேள்வி.

"பதினொரு பதிவுத் தபாலும்மா! ஒரே நாள்ல. தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாரு. வீட்ல அழுகை. வக்கீலைக் கேட்டா, போய் சமாதானமாப் பேசிட்டு வாங்கங்கிறாரு. நான் யாருக்கும்மா பாக்கி வச்சேன்?"

"யாருக்கும் இல்ல சார். வேலை கேட்டோம்."

"இது வேலை கேக்குற லெட்டரா?" அவர் ஒன்றைப் பிரித்து மீண்டும் படித்தார். கணக்குப்பிள்ளை காதருகே குனிந்து, "ஐயா, மேல பாதியில வேலைதான் கேட்டிருக்காங்க. நாம பயத்துல கீழ பாதியை மட்டும் படிச்சிட்டோம்" என்றார். முதலாளியின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. முதலில் கோபம் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, இதுல நிஜமாவே வேலை வேணுங்கிறது யாருக்கு?"

தையல்காரர் மகள் எழுந்து நின்றாள். நீ ஒன்று கவனிக்க வேண்டும்: யாரும் அவளைத் தள்ளவில்லை. அவளாக எழுந்தாள். கையிலிருந்த வகுப்புக் கணக்குக் கோப்பைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தாள். ஐந்து வாரத்து வகுப்புச் செலவு முழுவதும் அதில் தேதிவாரியாக இருந்தது, பென்சில், சாக்பீஸ், பதினொரு தபால், ஒவ்வொன்றுக்கும் ரசீது குத்தி. கணக்குப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். "ஐயா, இப்படி ஒரு ஃபைல் நம்மகிட்டயே இல்லீங்க" என்றார். அவருடைய தோல் பைக்குள் நான்கு மாதத்து பில்கள் கசங்கிக் கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"எவ்வளவும்மா எதிர்பார்க்கிறே?"

"பதினாறாயிரம் சார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு விட்டுடணும். காலேஜ் போகணும்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நான் அலமாரிக்குப் பின்னால் எண்ணினேன். ஒன்று: முதலாளி கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். இரண்டு: கணக்குப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். மூன்று: 'பன்னிரண்டு போதும்' என்று என் தொண்டைக்குள் ஏறி வந்தது, கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். நான்கில், "பதிமூணு" என்றார் முதலாளி. அவள் அசையவில்லை, பத்து இன்னும் வரவில்லையே. ஆறில், "பதினாலு. புதுசா வர்றவங்களுக்கு இது ஜாஸ்தி" என்றார். மற்றப் பத்துப் பேரின் உதடுகளும் சத்தமில்லாமல் ஏழு என்றன. எட்டு. கைக்குட்டை முழுவதும் உள்ளே போய்விட்டது. ஒன்பது.

"சரி, பதினாறு! அஞ்சு மணிக்குப் போ! ஏதாவது பேசும்மா, எனக்குப் பயமா இருக்கு!"

அவள் பத்தையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "நன்றி சார். ஆர்டர் எழுத்துல வேணும்."

"எத்தனை நாளுக்குள்ள?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், "ஏழு நாளுக்குள்ள!" என்று பதினொரு தொண்டைகளும் சேர்ந்து கத்தியதில் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். நூலகர் அம்மா மேலே வந்து பார்த்தபோது நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை உத்தரவு அன்று மாலையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா கழுத்தில் அளவு டேப்போடு என் வாசலில் நின்றார். "சார், பதினாறுன்னு சொன்னப்ப அவர் கோவிச்சுக்கலையா?" இல்லை என்றேன். "கத்தலையா?" இல்லை. அவர் கொஞ்ச நேரம் டேப்பை உருட்டி உருட்டிப் பிரித்தார். "நான் தையல் கூலி ஏத்தி ஒன்பது வருஷமாச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை அந்தத் தெரு வழியாகப் போனேன். கடையில் புதுப் பலகை தொங்கியது, புது விலை, பெயின்ட் இன்னும் காயவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அண்ணன் சாதித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. சாதித்தது அந்தப் பெண். நான் அலமாரிக்குப் பின்னால் இருந்தேன். ஒரு பெரிய தப்பு தற்செயலாக நல்லபடியாக முடிந்தது, அவ்வளவே. அடுத்த தப்பு அப்படி முடியும் என்பதற்கு யார் பொறுப்பு? மீதிப் பத்துப் பேரும் இப்போது வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பேருந்துக் கம்பெனிக்கும் எழுத விலாசம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் இருதயம் தாங்காது. ஆகவே இந்த மாதக் கடைசிக்குள் நீ வந்து உன் நோட்டையும் பெண்களையும் பொறுப்பேற்றுக்கொண்டு என்னை விடுவிக்குமாறு மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. சின்ன மனுஷி நீண்ட ஆயுளோடு, கேட்க வேண்டியதைக் கேட்கும் வாயோடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: எழுதிய தாளைக் கிழிப்பது அலுவலக வழக்கமல்ல என்பதால் திருத்தத்தை அடியில் சேர்க்கிறேன். இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது நூலகர் அம்மா படியிலேயே நிறுத்தினார். அடுத்த வகுப்புக்கு இருபத்தாறு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். "நீங்களே நடத்துங்க சார். கௌரவமா ஏதாவது பார்த்துக் குடுப்போம்" என்றார். பார்த்துக் கொடுப்போம்! யாரோ ஒரு தொகையைச் சொல்லும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை, சொன்னது நான்தான். ஐந்தில் அவர் கண்ணாடியைத் துடைத்தார். ஏழில் "சரி சார்" என்றார். நான் எட்டு, ஒன்பது, பத்தையும் எண்ணிவிட்டே "நன்றி, எழுத்தில் வேண்டும்" என்றேன். ஆகவே மேலே கோரிய விடுவிப்பு ரத்து செய்யப்படுகிறது. நீ குழந்தையோடு நிதானமாக இரு. பொறுப்பு உனக்குத் திரும்ப வேண்டுமானால் முறைப்படி விண்ணப்பிக்கலாம், பரிசீலிப்பேன். அந்த நீல நோட்டு இனி என்னிடமே இருக்கும் என்பதற்கு உன் சம்மதத்தை ஏழு நாட்களுக்குள் எழுது. தவறினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இது பதிவுத் தபாலில் வருகிறது. ரசீது என் கையில் இருக்கும்.