மாப்பிள்ளைக்கு வைத்த கலர்

இளையபெருமாள் ஒரே ஒரு வாய் குடிக்கத்தான் மூடியைத் திருகினார். உஸ்ஸென்ற சத்தம் அடங்கி, ஏப்பமும் வந்த பிறகு பார்த்தால், கால் பாட்டில் கறுப்புக் கலரைக் காணோம்.

சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும், இனி இனிப்பைத் தொடுவதில்லை என்று மனைவி நீலாயதாட்சியின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர் அவர். அந்தப் புண்ணியவதியோ, "நீங்க விட்டா நானும் விட்டேன்" என்று நாலு மாதமாகச் சர்க்கரை போடாத வெறுங்காபிதான் குடிக்கிறாள். சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தத் தியாகத்தைப் புகழ்ந்தாகிவிட்டது.

கலர், மாப்பிள்ளை செழியனுக்காக வாங்கியது. அவரை அழைத்துவர நீலாயதாட்சி குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டியில் போயிருக்கிறாள். வயல் நடுவே வீடு. கடைக்குப் போக வேறு வண்டி கிடையாது.

குறைந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். அளவு சரியானது, நிறம் போய்விட்டது. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த மாதிரி பாட்டில் மண் நிறத்தில் நின்றது. காலையில் இறக்கிய டிகாஷனை ஊற்றினார். நிறம் வந்தது. நன்றாகக் கலக்கட்டும் என்று குலுக்கித் திறந்தார். மிச்சமிருந்த காஸும் போய்ச் சேர்ந்தது.

உரக்கடை முதலாளி அவர். எதோடு எதைக் கலக்கக் கூடாது என்று ஊருக்கே பாடம் எடுப்பவர், இப்போது கடை ஆள் அய்யாவுக்குப் போன் போட்டார்.

"அய்யாவு, சோடாவுல காஸ் போயிட்டா என்னய்யா பண்றது?"

"ஆப்ப சோடா ஒரு கரண்டி போடுங்க முதலாளி. பொங்கிக்கிட்டு வரும் பாருங்க."

பொங்கிக்கொண்டுதான் வந்தது. இதுவரை நடந்தது வெறும் கலப்பு; கலரின் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்தது வேறு சமாச்சாரம். கட்டைவிரலால் வாயை அடைத்தார். நுரை பக்கவாட்டில் பீய்ச்சி, காலண்டரையும் சட்டையையும் நனைத்தது. பாட்டிலில் பாதிதான் மிஞ்சியது.

மறுபடி தண்ணீர், மறுபடி டிகாஷன். நாக்கில் வைத்தால் உவர்ப்பு. எலுமிச்சை பிழிந்தார், திரும்பவும் சீறியது. இனிப்புக்கு அலமாரியைத் துழாவியதில், கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு வெல்லக்கட்டி அகப்பட்டது. அதை யார் வைத்தது என்று யோசிக்க நேரமில்லை; பொடித்துப் போட்டார். வாசலில் ஸ்கூட்டிச் சத்தம்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!"

"ஏங்க, சட்டையெல்லாம் என்ன?" என்றாள் நீலாயதாட்சி.

"வேர்வை."

"வேர்வையில டிகாஷன் வாசம் வருமா?"

அவர் கலரை ஊற்றி டம்ளரை மாப்பிள்ளையிடம் நீட்டினார். செழியன் ஒரு மடக்குக் குடித்து நிறுத்தினார். பிறகு டம்ளரை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் குடித்தார்.

இளையபெருமாளுக்குத் தனக்காக நாலு மாதம் நாக்கைக் கட்டியவளை ஏமாற்றிவிட்டோமே என்று மனசு அறுத்தது. சொல்லிவிடுவதுதான் நியாயம்.

"நீலா, நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கலர…"

"விடுங்க மாமா, நல்லாத்தான் இருக்கு" என்று குறுக்கிட்டார் செழியன். "போன மாசம் நீங்க தஞ்சாவூர் போயிருந்தப்ப அத்தை குறைஞ்ச கலருக்குக் கலந்து குடுத்ததுல வெறும் டிகாஷன்தான். உங்க கலவையில காஸும் இருக்கு!"