மொட்டைமாடியில் ஒரு வடிகட்டி

இனி ஒரு சொட்டுச் சாயத்தண்ணீர்கூடத் தன் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகாது என்று மதிவாணன் சபதம் எடுத்தார். ஆழ்வார்பேட்டைச் சாக்கடை அதுவரை இப்படியொரு காவலனைக் கண்டதில்லை.

கிளப்பிவிட்டது கீழ்வீட்டுத் தேவானை.

"இன்னா சார், என் வெள்ளைக் கோலம் தெனம் ஊதாவா மாறுது? உங்க வீட்டம்மா துப்பட்டாவோட என் வாசலுக்கும் சேத்தே சாயம் போடறாங்களா?"

உள்காரணம் வேறு. ஜெர்மனியில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு அவர் திரும்பியபோது, முன்னாலேயே வந்துவிட்ட மனைவி வைதேகி துப்பட்டாவுக்குச் சாயம் போட்டு, ஆன்லைனில் வகுப்பும் எடுத்துப் பெரிய ஆளாகியிருந்தாள். அவள் அடையாறோடு பேசினாள், தி. நகரோடு பேசினாள். அவரோடு பேசியது குக்கர்தான். அதுவும் மூன்று விசிலோடு முடிந்துவிடும்.

ஜூஸ் கடையில் கெஞ்சி வாங்கிய ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் பொடித்தார். அடி வெட்டிய வாட்டர் கேனைக் கவிழ்த்து, தேங்காய் நாரும் தோல்பொடியுமாக அடைத்தார். மேலே ஊற்றிய ஊதா, தோலிலேயே ஒட்டிக்கொண்டது. கீழே வெளுத்த தண்ணீர்!

அப்போதுதான் மூளை வேலை செய்தது. பொடியை இன்னும் இறுக்கி அடைத்தார். கால் மணியில் இறங்கிய வாளி, இப்போது ஒரு மணி நேரம் எடுத்தது.

"வைதேகி, இது ரெண்டு பேர் வேலை. நான் ஊத்தணும், நீ கீழ நிறம் பாக்கணும்."

அன்று சாயங்காலம் வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு சொட்டு, ஒரு பேச்சு. போன் பண்ணாத மகள், வலிக்கும் முழங்கால், பனியில் தனியாகத் தின்ற பொங்கல், எல்லாம் சொன்னார். வாளி நிறைந்துவிடுமோ என்று பயந்தபடியே சொன்னார்.

மறுநாள் அவள் முக்காலியும் ரப்பர் குழாயுமாக ஏறி வந்தாள்.

"பக்கெட்டை இது மேல வெச்சிட்டா தண்ணி தானா இறங்கும். ரெண்டாவது ஆள் வேணாம்."

"நிறம் பாக்க?"

"கண்ணாடி போட்டுக்கிட்டு நீங்களே பாருங்க."

"ஒத்தையா உக்காந்து சொட்டு எண்ணச் சொல்றியா?"

"எண்ண வேணாங்க. பாத்தா போதும்."

மதிவாணன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அப்போ பொடியைக் கொஞ்சம் தளர்த்திடறேன். கால் மணியில முடிச்சிட்டு நானும் கீழ வந்துடறேன்."

படியில் கால் வைத்தவள் சட்டென்று திரும்பினாள். "ஐயையோ, தளர்த்தாதீங்க!"

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. நேற்றுப் பேசியது அவளுக்கும் பிடித்திருக்கிறது!

"வேணும்னேதான் இறுக்கினீங்கன்னு நேத்தே தெரியும்," என்றாள் வைதேகி. "நாளைலேருந்து என் கிளாஸ் ஒன்றரை மணி நேரம். இன்னும் கொஞ்சம் இறுக்கியே அடைச்சிடுங்க."