கரடி கழுவாத கஞ்சிப் பானை

ஒரு காட்டில், மனிதர்கள் மதுக்கடை வாசலில் வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ளாத காலத்தில், பூவாத்தாள் என்றொரு கரடி குடியிருந்தது. பாத்திரம் கழுவுவது என்றால் அதற்கு வேப்பங்காய்.

ஒருநாள் கேழ்வரகை ஊறப்போட்டுவிட்டு மறந்து தூங்கியது. கேழ்வரகு முளைவிட்டது. கொட்ட மனமில்லாமல் உலர்த்தி, இடித்து, கஞ்சி காய்ச்சி, அதையும் மறந்து தூங்கியது. சில நாள் கழித்துப் பார்த்தால் பானையில் நுரை தளும்பிக்கொண்டிருந்தது. கொட்டிவிடலாம் என்று தூக்கிய நேரத்தில், குழந்தைவேலு என்ற முயல் குகைக்குள் பாய்ந்து கரடியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. துரத்திக்கொண்டு புலியும் வந்துவிட்டது.

“வாங்க மாமா,” என்றது கரடி, தூக்கிய பானையை அப்படியே நீட்டி. “வெயில்ல ஓடி வந்திருக்கீங்க. முதல்ல ஒரு வாய் கஞ்சி குடிங்க. இவன் எங்க போயிரப் போறான்?”

புலி குடித்தது. இன்னொரு வாய் குடித்தது. அப்புறம் முயலைத் தம்பி என்று கூப்பிட்டு, பொண்டாட்டி பிறாண்டிய தழும்பைக் காட்டி அழுதுவிட்டு அங்கேயே தூங்கிப்போனது.

அந்தக் காட்டில் பீர் பிறந்த கதை இதுதான். படித்தவர்கள் வேறு மாதிரி சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் கரடியின் குகை முன்னால் கூட்டம். மேலே உமி மிதந்ததால் எல்லோரும் நாணல் தட்டையைப் பானைக்குள் விட்டு உறிஞ்சினார்கள். யானை மட்டும் தட்டை இல்லாமல் வந்து தும்பிக்கையை நீட்டியது. அதைக் கடைசி ஆளாக நிற்கச் சொல்லி வரிசை என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். புலி தினமும் குடித்தது, அழுதது, தூங்கியது. யாரையும் தின்னவில்லை.

கஞ்சி எப்படி நுரைக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கரடி தன் கைராசி என்றது. கிண்டுகிற துடுப்பில் சாமி இறங்குகிறது என்று கொக்கு பூசை போட்டுக் காணிக்கை வாங்கியது. உண்மையில் எல்லாம் பானையில் ஒட்டியிருந்த பழைய அழுக்கின் வேலை. நுரைக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடும்பம் நடத்தின.

உயிர்ப் பயம் விட்டுப்போன முயலுக்கு நாகரிகம் வந்துவிட்டது. ஒருநாள் பானைக்குள் எட்டிப் பார்த்தது.

“அய்யய்ய! இதையவாக்கா நாங்க இத்தனை நாளாக் குடிச்சோம்?”

“குடிக்கையில நல்லாத்தான இருந்துச்சு கண்ணு?”

முயல் கேட்கவில்லை. நேராகச் சுகாதார ஆய்வாளரான நீர்நாயிடம் போய்ப் புகார் கொடுத்தது. நீர்நாய்க்குத் தண்ணீர் என்றால் போதாதா? பானையை ஓடைக்கு உருட்டிப் போய், மணல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, முகம் தெரியும்படி பளபளவென்று திருப்பிக் கொடுத்தது. துடுப்பையும் விடவில்லை. வரிசையில் நிற்பவர்களும் குளித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று உத்தரவு போட்டது. முயல் முதல் ஆளாகக் குளித்து, காதுக்குப் பின்னால்கூடத் தேய்த்துக்கொண்டு வந்தது.

அன்று கரடி ஊற்றியது வெறும் கஞ்சி. நுரை இல்லை, புளிப்பும் இல்லை. குழந்தைக்குக் கொடுக்கலாம். புலி கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டுக் காத்திருந்தது. அழுகை வரவில்லை, தூக்கமும் வரவில்லை. மாறாக, மண்டை தெளிந்தது. திரும்பி முயலைப் பார்த்தது.

“தம்பி, இத்தனை நாளா நான் குடிச்சுப்போட்டு உங்கிட்ட என்னென்ன சொன்னேன்?”

முயல் நெளிந்தது. “உங்க ஊட்டுக்காரம்மா உங்களைப் பிறாண்டுனது… அப்புறம், அவங்களுக்குப் பயந்து பாறைச் சந்துல ஒளிஞ்சது… அவ்வளவுதானுங்க மாமா. சத்தியமா நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க.”

“தெரியும் தம்பி,” என்றது புலி, மிக அன்பாக. பிறகு அதைத் தின்றது.

நீதி: எப்போதும் சுத்தமாக இருங்கள். உங்களைச் சாப்பிடுகிறவர்களின் உடல்நலம் முக்கியம்.