வாளிக்கு நின்றேன், வேலை கிடைத்தது

மிக்கேலி,
நவம்பர் 24

அன்புள்ள தங்கை ஹில்காவுக்கு,

அண்ணன் என்சியோ எழுதுவது. நான் சுகம். இடது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நீயும் மாப்பிள்ளை பெர்யேவும் பெர்யேவின் முதுகும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏரி இன்னும் உறையவில்லை, ஆனால் உறைந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வெஸ்தெரோஸில் உங்கள் மாடி அறை சும்மா கிடக்கிறது, அண்ணி இர்யா இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது, தன்னந்தனியாக அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்கிறாய், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்வீடனுக்கு வந்துவிடு, டிசம்பர் முதல் தேதிக்குள் பதில் இல்லையென்றால் பெர்யே அந்த அறையை ஒரு மாணவிக்கு வாடகைக்கு விட்டுவிடுவார் என்று எழுதியிருந்தாய். செப்டம்பரில் நீ கேட்டபோதே முடியாது என்று எழுதினேன். இப்போதும் முடியாது. அப்போது காரணம் சொல்லாமல் மறுத்தேன், இப்போது கையில் காரணம் இருக்கிறது. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. எழுபத்திரண்டு வயதில் வேலை கிடைத்தவனைப் பார்த்துச் சிரிப்பது பாவம்.

நடந்தது இதுதான். ரத்த அழுத்தம் பார்க்கக் காலை பஸ்ஸில் சுகாதார நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பழைய மரச்சாமான் கடை இருந்த இடத்தில் புதிதாக ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை வருகிறது என்று ஊரே பேசியது, அதாவது பேப்பரில் போட்டிருந்தது, ஊர் எங்கே பேசுகிறது. அந்தக் கடை வாசலில் நாற்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். நீ ஸ்வீடனுக்குப் போய் நாற்பது வருடம் ஆனதில் மறந்திருப்பாய், நம் நாட்டில் புதுக் கடை திறந்தால் முதலில் வருகிறவர்களுக்கு இலவச வாளி கொடுப்பார்கள். தங்கம் கொடுத்தால் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவோம், பிளாஸ்டிக் வாளி கொடுத்தால் மைனஸ் ஏழு டிகிரியில் விடியற்காலையிலிருந்து நிற்போம். வரிசை என்றால் வாளிதான், வேறு எதற்கு மனிதன் வெளியே நிற்பான்? இறங்கிப் போய் நின்றுவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, வீட்டில் ஏற்கெனவே ஏழு வாளிகள் இருக்கின்றன, எட்டாவது எனக்கு வேண்டியதே இல்லை. ஆனால் முன்னால் ஒரு முதுகும் பின்னால் ஒரு இருமலுமாக நடுவில் நிற்பது நன்றாக இருக்கிறது ஹில்கா. அங்கே ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

முக்கால் மணி நேரம் நின்றோம். ஆளுக்கு ஆள் ஒன்றரை மீட்டர் இடைவெளி, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இது எதற்கான வரிசை என்று கேட்டிருக்கலாமே என்பாய். தெரியாத மனிதரை நிறுத்திக் கேள்வி கேட்க நான் என்ன போலீஸா? எல்லோர் கையிலும் ஒரு காகித உறை இருந்தது, ஏதோ படிக்கக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் எனக்கு முன்னால் நின்ற பையன்தான் திரும்பினான்.

"பதட்டமா இருக்கா?"

"எனக்கென்ன பதட்டம்? பழகிப்போச்சு. இது எட்டாவது."

"எட்டாவதா! மத்த ஏழும் என்ன ஆச்சு?"

"எல்லாம் பால்கனில கவுத்து வச்சிருக்கேன்."

அவன் மெல்ல இரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டான்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். வென்லா என்று பெயர், கடையின் மேலாளர், முப்பது வயதுகூட இருக்காது. பெயரைக் கேட்டு உட்காரச் சொன்னாள். வாளிக்கு உட்காரச் சொல்வது இதுதான் முதல் தடவை, காலம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று உட்கார்ந்தேன். "உங்களைப் பத்திச் சொல்லுங்க என்சியோ" என்றாள். ஆறு வருடமாக என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சுகாதார நிலையத்தில்கூட ரத்த அழுத்தத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் சொன்னேன். காகித ஆலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தது, இர்யாவை முதலில் பார்த்தது, முழங்கால் போனது, ஒன்பது கிலோ மீன் தூண்டிலை அறுத்துக்கொண்டு போனது எல்லாம் சொன்னேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அப்போதுதான் அவள் தலைக்கு மேலே சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன். 'விற்பனைக் குழுவுக்கு ஆட்கள் தேவை.' கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. எழுந்து, மன்னிக்க வேண்டும், நான் வாளிக்கு வந்தவன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவர் நமக்காக எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது என்ன மரியாதை? அடுத்த கேள்வி வந்தது, பதில் சொன்னேன்.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?"

"கல்லறைல. இர்யா பக்கத்துல எடம் இருக்கு. கல்லுல என் பேரு, பொறந்த வருஷம் எல்லாம் வெட்டியாச்சு. இன்னொரு வருஷம் மட்டும் பாக்கி."

வென்லாவின் பேனா நின்றது. பிறகு கேட்டாள்:

"கூட்டமா ஆளுங்க வந்தா சமாளிப்பீங்களா?"

"ஆறு வருஷமா ஒருத்தரும் வரல. வந்தா சமாளிச்சுக்குவேன்."

அவள் சிரித்தாள், பிறகு பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "அடுத்த வியாழக்கிழமை கடை திறக்கறோம். எட்டு மணிக்கு வந்துடுங்க" என்றாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை கொடுத்தாள். 'என்சியோ, கேளுங்கள்' என்று எழுதிய ஒரு பெயர் அட்டையும் கொடுத்தாள். வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன், ஆனால் "என்ன வேணும்?" என்று என்னையே ஒரு தரம் கேட்டுப் பார்த்தேன்.

திறப்பு நாளில் என் வேலை என்ன தெரியுமா? வாளி கொடுப்பது. ஐந்நூறு வாளி, ஐந்நூறு பேர். இந்த ஊரில் முப்பது வருடமாக முதுகை மட்டும் பார்த்த மனிதர்களை எல்லாம் அன்றைக்குத்தான் முகத்தோடு பார்த்தேன். ஒவ்வொருவரும் வாளியை வாங்கிக்கொண்டு "நன்றி" என்றார்கள். ஐந்நூறு நன்றி! எண்ணிக்கொண்டே இருந்தேன், நானூற்றுப் பன்னிரண்டில் கணக்கு தப்பிவிட்டது. ஊழியர்களுக்கு வாளி கிடையாது என்று கடைசியில் சொன்னார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவன் பட்டினியாகப் போன கதைதான்.

அதைவிடப் பெரிய தொல்லை பல். இந்தக் கடையின் தலைமை அலுவலகம் வேறு ஏதோ நாட்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் உள்ளே வந்து பத்தடி வைப்பதற்குள் கண்ணைப் பார்த்து, பல் தெரியச் சிரித்து வரவேற்க வேண்டும் என்று அவர்கள் சட்டம். நம் ஊரில் இது நடக்கிற காரியமா? முதலில் ஒரு அம்மாளைப் பார்த்துச் சிரித்தேன், அவள் வந்த வழியே வெளியே போய் அடுத்த கதவு வழியாக வந்தாள். அடுத்து ஒரு விவசாயி என் பல்லைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, "யாரு போயிட்டாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். வென்லா ஓடி வந்து, "என்சியோ, நீங்க சிரிக்க வேண்டாம், சும்மா நில்லுங்க" என்றாள். சும்மா நின்றேன். உடனே கூட்டம் வந்தது.

ஊர்போவும் வந்தார். யார் என்று கேட்பாய். எனக்கு மேல்வீட்டில் பதினொரு வருடமாக இருக்கிறவர். நான் வெளியே போக வேண்டுமென்றால் கதவின் துவாரம் வழியாகப் பார்ப்பேன், படிக்கட்டில் ஊர்போ தெரிந்தால் அவர் போகிற வரை காத்திருப்பேன். அவரும் அப்படித்தான், அவர் கதவுக்குப் பின்னால் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யக்கூடாதல்லவா. அந்த ஊர்போ நேராக என்னிடம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்து, "கேக்கலாமா?" என்றார். "அதுக்குத்தான் நிக்கறேன்" என்றேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினோம். பதினொரு வருடத்துப் பேச்சு அந்த இயந்திரத்துக்குள் அடங்கிக் கிடந்திருக்கிறது. அவர் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள், அவருக்கும் ரத்த அழுத்தம், அவரும் வியாழக்கிழமைதான் பார்க்கப் போவார். போகும்போது, "வீட்ல பாத்திரமே சேர்றதில்ல, ஒரு தட்டு ஒரு கரண்டிதான். சும்மா கேட்டேன்" என்றார். எனக்கும் ஒரு தட்டு ஒரு கரண்டிதான்.

விற்பனையில் நான் சூரன் என்று சொல்லமாட்டேன். ஒருவர் சுவரளவு டிவி கேட்டார். "எத்தனை பேர் பாப்பீங்க?" என்றேன். "நான் மட்டும்தான்." "அப்ப சின்னதே போதும். பெரிசுல மனுஷங்க நம்ம அளவுக்கே தெரிவாங்க, அணைச்சா வீடு ரொம்ப வெறிச்சுனு ஆயிடும்" என்றேன். அவர் சின்னதும் வாங்காமல் போய்விட்டார். வென்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையை எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று தன்மையாகச் சொன்னாள். பிறகு பேசும் பெட்டி ஒன்று இருக்கிறதே, கேட்டதற்குப் பதில் சொல்லுமே, அது இருக்கும் அலமாரிப் பக்கம் என்னை நிறுத்தினாள். அது என்னைப் பார்த்து, "நான் உதவட்டுமா?" என்றது. "நீ இரு, இங்க உதவறது நான்" என்றேன். ஊழியர் விலையில் அதை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள். "நான் வணக்கம் சொன்னாத்தான் அதுவும் சொல்லுது. அதுக்கு எங்க படிக்கட்டு எதிரொலியே போதும்" என்றேன்.

ஆகவே ஹில்கா, நான் இங்கே எவ்வளவு வேலையாக இருக்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். தனிமை என்றெல்லாம் இனி எழுதாதே. நாள் முழுக்கப் பேசிப் பேசி வாய் வலிக்கிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கடை, சட்டையை இஸ்திரி போட வேண்டும், மாடி அறையில் வந்து உட்காரவெல்லாம் எனக்கு நேரமே கிடையாது. அந்த மாணவிக்கே கொடுத்துவிடச் சொல், பாவம், படிக்கிற பெண்.

பெர்யேவுக்கு என் மரியாதை. அவர் முதுகுக்குச் சூடு காட்டச் சொல். ஆண்டவன் உங்கள் கூரை பனியில் சரியாமலும் கால் வழுக்காமலும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உன் அண்ணன்,
என்சியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்தேன், அதனால்தான் ஓரம் கிழிந்திருக்கிறது. நாளை ஒன்பது மணிக்குக் கடை என்று எழுதியது உண்மைதான், கடை திறக்கும். என்னை எதிர்பார்த்து அல்ல. திறப்பு விழா மூன்று நாளுக்குத்தான் என்னை எடுத்தார்கள். சனிக்கிழமை மாலை சட்டையை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லி, அட்டையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அது ஆகி ஒன்பது நாள் ஆகிவிட்டது. போன திங்கட்கிழமை போய்ப் பாத்திர இயந்திரங்களுக்குப் பக்கத்தில் சும்மா நின்று பார்த்தேன். அட்டை இல்லாததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. நேற்று ஊர்போவின் காலடி கேட்டதும் துவாரத்தில் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். அவர் திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, நான் முன்னால் சொல்லிவைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அம்மா நம்மை எப்படி வளர்த்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வேறு வீட்டில் காபி கொடுத்தால் முதல் தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இரண்டாம் தரமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் தரம் கேட்டால்தான் கையை நீட்டலாம். பெர்யே ஸ்வீடன்காரர், ஒரு தரம் கேட்டுவிட்டுக் கோப்பையை எடுத்துப் போய்விடுவார். நீ நம் வீட்டுப் பெண். செப்டம்பரில் ஒரு தரம் வேண்டாம் என்றேன். இந்தக் கடிதம் இரண்டாவது.

தபாலில் எழுதாதே, ஒன்றாம் தேதிக்குள் வந்து சேராது. போனில் கேள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.